எண்ணுவதற்கு முன் எழுதும் இரண்டு வரிகள்

உயர்தர வகுப்பிற் புள்ளிவிபரவியல் பயிலும் மாணவர் ஒருவரிடம் கை வர்க்கச் சோதனைக் கணக்கொன்றைக் கொடுத்துப் பாருங்கள். பேனாவை எடுத்த மாத்திரத்தே தாளின் தலையில் இரண்டு வரிகளை எழுதிவிடுவார். ஒன்று சூனியக் கருதுகோள். மற்றையது மாற்றுக் கருதுகோள். எழுதிய வேகத்திலேயே அவற்றை மறந்தும் விடுவார். பின்னர் கழித்தல், வர்க்கித்தல், வகுத்தல், கூட்டல் என்று கணக்கு விறுவிறுவென நடக்கும். விடையும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த இரண்டு வரிகள் எதற்காக என்று கேட்டால் மாத்திரம் பதில் வராது. கடிதத்தின் தலையிற் பிள்ளையார் சுழி இடுவதுபோல, கணக்கின் தலையில் இவற்றை இடுவது ஒரு சம்பிரதாயம் என்று எண்ணுகிறார் போலும்.

பிள்ளையார் சுழி எல்லாக் கடிதங்களுக்கும் ஒன்றே. இவ்விரு வரிகளோ கணக்குக்குக் கணக்கு வேறுபடுவன. பின்னால் வரும் கூட்டலும் வகுத்தலும் இவற்றையே நம்பி நிற்பன. வரி பிழைத்தால், கணக்கு எத்துணைச் செம்மையாக இருப்பினும் முடிவு பிழைத்துவிடும். அப்பிழை பரீட்சைத் தாளில் நேர்ந்தால் நாலு புள்ளிகளோடு போய்விடும். ஒரு மாவட்டத்துப் பெண் குழந்தைகளைப் பற்றிய கணக்கில் நேர்ந்தால் அவ்வளவோடு போகாது. அந்த விஷயத்தைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

இப்பகுதியைக் கணக்குப் படியாத வீட்டாரும் படிப்பர் ஆதலால், சோதனையின் பெயரை முதலில் விளக்கிவிடுகிறேன். இங்கே 'கை' என்பது நமது கையன்று. கிரேக்க நெடுங்கணக்கில் ஓர் எழுத்து. 1900ஆம் ஆண்டில் இலண்டன் பேராசிரியர் கார்ல் பியர்சன் என்பார் இச்சோதனையை வெளியிட்டார். அதன் உட்பொருள் எளியது. ஒரு காரியம் இன்ன இன்ன அளவில் நிகழும் என்று எதிர்பார்க்கிறோம். பின்னர் எண்ணிப் பார்க்கிறோம். எதிர்பார்த்ததற்கும் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்து, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் இவ்வாறு வந்தவற்றைக் கூட்டுகிறோம். கூட்டுத்தொகை சிறிதாயின், வித்தியாசம் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடும் என்று விட்டுவிடலாம். பெரிதாயின், நமது எதிர்பார்ப்பையே சந்தேகிக்க வேண்டும். சிறிது எது, பெரிது எது என்பதற்கு அட்டவணை உண்டு. இவ்வளவுதான் பொருத்தச் சோதனை.

சூனியக் கருதுகோள் என்றதும் பில்லி சூனியத்தை நினைந்து யாரும் அஞ்சவேண்டா. "புதிதாக ஒன்றுமில்லை, எதிர்பார்த்தபடியே உள்ளது" என்று கூறும் வரி அது. மாற்றுக் கருதுகோள், "அப்படியில்லை" என்று மறுக்கும் வரி. வழக்கில் எதிரி குற்றமற்றவர் என்று நீதிமன்றம் முதலிற் கொள்ளுகின்றதன்றோ? அதுபோலச் சூனியக் கருதுகோளை மெய்யென்று கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறோம். சாட்சியம் வலுவாக இருந்தாலொழிய அதனைத் தள்ளுவதில்லை.

இவ்விரு வரிகளையும் எண்ணுவதற்கு முன்பே எழுதவேண்டும் என்பது விதி. ஏன் என்பதற்கு நமது கோயில் வழக்கமே நல்ல விளக்கம். பூக்கட்டிப் பார்த்தல் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. கலியாணப் பேச்சொன்று வந்து மனம் துணியாவிடில், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டிச் சுவாமி முன் வைத்து, விவரமறியாக் குழந்தையொன்றை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வர். வெள்ளை வந்தாற் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்பைக் கண்டபின், "நாம் சிவப்பைத்தானே சம்மதம் என்று வைத்தோம்" என்று பெரியப்பா கூறினால், பெரியம்மா வாளாவிருப்பாரா? பூவைக் கண்டபின் பொருள் சொல்வதானால் சுவாமியைக் கேட்கவே வேண்டியதில்லை. எண்ணிக்கையைக் கண்டபின் அதற்கேற்பக் கருதுகோள் எழுதுபவரும் இதனையே செய்கிறார். அவருடைய எதிர்பார்ப்பு ஒருநாளும் பொய்க்காது. ஆகவே அவர் எதையும் அறியவும் மாட்டார்.

இனி, வரியில் எதை எழுதுவது? இங்கேதான் மாணவர் பெரிதும் தடுமாறுகின்றனர். பகடையொன்றை நூற்றிருபது முறை வீசிய கணக்கு. மாணவி ஒருத்தி, "இந்த 120 வீச்சுகளிலும் ஆறு முகங்களும் சமமாக விழுந்துள்ளன" என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"சமமாக விழுந்தனவா இல்லையா என்பது உனக்குத் தெரியாதா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியும் ஐயா. எண்ணிக்கை கணக்கிலேயே இருக்கிறது. சமமாக விழவில்லை."

"தெரிந்ததைச் சோதிப்பானேன்?"

சற்றுநேரம் சிந்தித்து, "அப்படியானால் வீச்சைப் பற்றி எழுதக்கூடாது, பகடையைப் பற்றி எழுதவேண்டும்" என்றாள். கெட்டிக்காரி. கருதுகோள் என்பது நாம் எண்ணிய சிறு தொகுதியைப் பற்றியதன்று. அத்தொகுதி எங்கிருந்து வந்ததோ அந்த மூலத்தைப் பற்றியது. "இப்பகடையில் ஒவ்வொரு முகமும் விழும் நிகழ்தகவு ஆறில் ஒன்று" என்பதே சூனியக் கருதுகோள். மாற்றுக் கருதுகோளில் "ஆறு முகங்களும் வெவ்வேறு நிகழ்தகவு உடையன" என்று எழுதிவிடுவோர் பலர். அதுவும் தவறு. "குறைந்தது ஒரு முகத்தின் நிகழ்தகவாவது ஆறில் ஒன்றன்று" என்றே எழுதவேண்டும். (ஒன்று மாறினால், மொத்தம் ஒன்றாக இருக்கவேண்டுமாதலால், இன்னொன்றும் மாறியே தீரும். ஆறு அறைகளிருக்க ஐந்தையே சுயாதீனமானவை என்று கொள்வதும் இக்காரணம் பற்றியே.)

பகடை என்றதும் வெல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலறிஞர் நினைவுக்கு வருகிறார். பியர்சனின் நண்பர். பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை வீசி ஐந்தும் ஆறும் எத்தனை விழுந்தன என்று குறித்துவைத்தார். மொத்தம் 3,15,672 முகங்கள், மூன்றில் ஒன்று, அதாவது 1,05,224 எதிர்பார்க்கப்பட்டது, விழுந்தனவோ 1,06,602. நூற்றுக்கு அரைப்பங்குகூடக் கூடவில்லை. ஆயினும் இத்தனை வீச்சுகளில் அது தற்செயலாகாது. கை வர்க்கம் 27க்கு மேலாகிறது. புள்ளிகளைக் குழியாகத் தோண்டுவதால் ஐந்தும் ஆறும் உள்ள முகங்கள் சற்றே இலேசாகிவிடுகின்றன என்று காரணம் கூறுவர். எல்லா முகங்களும் சமம் என்ற கருதுகோளுக்குப் பகடையின் வடிவமே ஆதாரமாயிற்று. அது நியாயமான ஆதாரம். அதனால்தான் அதனைத் தள்ளியபோது ஏதோ ஒன்று வெளிப்பட்டது.

எல்லா இடத்திலும் சமம் என்பது நியாயமாகாது. எங்கள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். "வாரத்தின் ஏழு நாட்களிலும் பார்வையாளர் சமமாக வருகின்றனர்" என்று ஒருவர் சூனியக் கருதுகோள் எழுதி, நுழைவுச்சீட்டுகளை எண்ணி, பெரிய கணக்கெல்லாம் போட்டு, "கருதுகோள் நிராகரிக்கப்பட்டது" என்று அறிவித்தால் யாருக்கு என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை அவ்வீதியால் வந்தவர் எவரும் அதனைக் கணக்கின்றியே கூறுவர். எவரும் நம்பாத ஒன்றை நிறுத்திவைத்து விழுத்துவது சோதனையன்று. வைக்கோற் பொம்மையோடு மல்லுக்கு நிற்பது. "சென்ற வருடம் கிழமைக்குக் கிழமை இருந்த விகிதமே இவ்வருடமும்" என்பது கேட்கத்தக்க கேள்வி.

ஆதலால் எதிர்பார்க்கும் விகிதம் எங்கிருந்து வருகிறது என்பதே விஷயத்தின் உயிர்நிலை. சில வேளை அது கொள்கையிலிருந்து வரும். மெண்டல் என்ற பாதிரியார் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, 1866இல் வெளியிட்ட கட்டுரையில் 556 விதைகளின் கணக்கைத் தந்தார். உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டைப் பச்சை 108, சுருங்கிய பச்சை 32. அவருடைய கொள்கைப்படி விகிதம் 9:3:3:1 ஆகவேண்டும். நான்கும் சமம் என்று எழுதுவது இங்கே அறியாமை. 9:3:3:1 என்று எழுதினாற் கை வர்க்கம் 0.47தான், அட்டவணை அனுமதிக்கும் எல்லையோ 7.81. அழகான பொருத்தம். மெண்டலின் கணக்குகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த பிஷர் என்னும் அறிஞர், பொருத்தம் அளவுக்கு மீறி அழகாக இருக்கிறதே என்று 1936இல் ஐயம் எழுப்பினார். அந்தச் சர்ச்சை தனியொரு ஞாயிற்றுக்குரியது.

நிற்க. குழந்தைகளின் கணக்குக்கு வருவோம். ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறப்பர் என்பதே பலரின் நினைப்பு. நாணயம் சுண்டுவதுபோல என்று பள்ளிப் புத்தகங்களும் எழுதிவிடுகின்றன. இதனை முதலிற் சோதித்தவர், இங்கிலாந்தில் ஆன் அரசியாரின் வைத்தியராயிருந்த ஜோன் ஆர்பத்நொட். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளின் இலண்டன் ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஓராண்டு தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம். சரிபாதி என்பது மெய்யாயின் இவ்வாறு நேர்வது, நாணயத்தை 82 முறை சுண்டி 82 முறையும் தலையே விழுவதற்கு ஒப்பாகும். தற்செயல் என்று கொள்ள இடமேயில்லை. எனவே சரிபாதி என்ற கருதுகோளைத் தள்ளினார். தள்ளியது சரி. அடுத்தபடியாக, இது தெய்வத்தின் ஏற்பாடே என்று முடிவுகட்டினார். ஆடவர் வெளித்தொழில்களில் அதிகம் மடிவதால் அதனை ஈடுசெய்ய ஆண்டவன் ஆண்மக்களை அதிகம் அனுப்புகிறான் என்பது அவர் கருத்து. நான் தெய்வ நம்பிக்கைக்கு விரோதியல்லேன். ஆயினும் அவர் சோதித்தது "சரிபாதியா, அன்றா" என்ற ஒன்றையே. "அன்று" என்ற விடையினுள் காரணம் எதுவும் அடங்கியிருக்கவில்லை.

உலகின் பெரும்பாலான நாடுகளில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன என்பது இன்று தெளிவாகத் தெரிந்தது. இலங்கையிலும் நிலைமை இதனை ஒட்டியதே. ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 952 என்று இதனை மாற்றிச் சொல்லலாம். இந்தியக் குடிசன மதிப்பீட்டில் இவ்வாறு ஆயிரம் ஆண்களுக்கு இத்தனை பெண்கள் என்றே கூறுவர். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தனிக் கணக்கும் தருவர்.

அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் எண் 2001இல் 942, 2011இல் 943. இதை ஒரு பொருத்தச் சோதனையாக்கிப் பார்ப்போம். பத்தாயிரம் ஆண் குழந்தைகளும் 9,430 பெண் குழந்தைகளும் உள்ள ஒரு தொகுதியை நாம் எண்ணியதாக வைத்துக்கொள்வோம். "ஆணும் பெண்ணும் சமம்" என்பதைச் சூனியக் கருதுகோளாக எழுதினால், ஒவ்வொன்றிலும் 9,715 எதிர்பார்க்க வேண்டும். வித்தியாசம் 285. கை வர்க்கம் 16.7. நூற்றுக்கு ஐந்து என்ற பொருண்மை மட்டத்தில் எல்லை 3.84 ஆதலால், கருதுகோள் தூக்கியெறியப்படும். "பெண் குழந்தைகள் காணாமற் போயினர்" என்று தலைப்பிட்டு ஒருவர் கட்டுரையும் எழுதிவிடலாம். அதே தொகுதிக்கு, "105க்கு 100" என்று எழுதுங்கள். எதிர்பார்க்கும் ஆண்கள் 9,952, பெண்கள் 9,478. வித்தியாசம் 48தான். கை வர்க்கம் அரைக்கும் குறைவு. கருதுகோளைத் தள்ள ஆதாரமில்லை.

எண்ணியவை மாறவில்லை, கூட்டலும் வகுத்தலும் மாறவில்லை. தலைப்பில் எழுதிய ஒரு வரி மாறியது, முடிவு தலைகீழாயிற்று.

அப்படியானால் தமிழ்நாட்டிற் குறையொன்றுமில்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. "தள்ள ஆதாரமில்லை" என்பது வேறு, "மெய்யென்று நிரூபிக்கப்பட்டது" என்பது வேறு. எதிரியை விடுதலை செய்யும் நீதிபதி அவர் உத்தமர் என்று சான்றிதழ் வழங்குவதில்லை. மேலும், கைக்குழந்தைகளில் ஆண் மகவே சற்று அதிகமாக இறப்பது இயற்கை. எனவே ஆறு வயது வரையுள்ளோருக்கு இயல்பான எண் 952க்குக் கொஞ்சம் மேலேயே இருக்கவேண்டும். கண்டிப்பான ஆசிரியர் அந்தத் திருத்தத்தையும் கருதுகோளிற் சேர்ப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாநிலம் பல மாவட்டங்களின் கூட்டு. கூட்டு எண் பொருந்தினாலும், உள்ளே ஒரு மூலையிற் பொருந்தாமை மறைந்து கிடக்கலாம்.

கிடந்தது. 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சேலம் மாவட்டத்தின் எண் 851. முன்போலவே பத்தாயிரம் ஆண்களுக்கு 8,510 பெண்கள் என்று வைத்து, 105க்கு 100 என்ற கருதுகோளோடு பொருத்திப் பாருங்கள். கை வர்க்கம் 58ஐத் தாண்டுகிறது. எல்லை 3.84 என்பதை மறவாதீர்கள். மதுரைக்கு மேற்கேயுள்ள உசிலம்பட்டிப் பகுதியிற் பெண் சிசுக்கள் கொல்லப்படுவது பற்றி 1980களிலேயே பத்திரிகைகள் எழுதின. 1992இல் தமிழ்நாட்டரசு, வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாது அரசினர் தொட்டிலில் விட்டுச்செல்லுமாறு கேட்கும் தொட்டிற் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று கருவிகளால் அறிந்து கூறுவதைத் தடைசெய்து இந்திய நாடாளுமன்றம் 1994இற் சட்டம் இயற்றியது.

இங்கே ஒரு விபரீதமான கருதுகோளையும் நினைத்துப் பாருங்கள். சேலத்தின் கணக்கைச் சோதிக்க வரும் உத்தியோகத்தர் ஒருவர், "ஆயிரத்துக்கு 851 என்ற பழைய விகிதமே இப்போதும் உள்ளது" என்று சூனியக் கருதுகோள் எழுதுகிறார் என்போம். அவர் எண்ணுகையிலும் 851ஏ வந்தால், கை வர்க்கம் பூச்சியம்! மிகச் சிறந்த பொருத்தம். வழமைக்கு மாறாக ஒன்றுமில்லை என்று அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிடலாம். கணக்கில் எள்ளளவும் பிழையில்லை. ஆனால் ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தைகள் வீதம் அந்த முதல் வரிக்குள்ளேயே மறைந்துபோயினர். பழைய விகிதத்தோடு ஒப்பிடுவது எப்போதும் தவறென்று கூறவில்லை. மிருகக்காட்சிச்சாலைக்கு அதனையே சிபாரிசு செய்தேன். அங்கே பழைய விகிதம் மக்களின் ஓய்வுநாட் பழக்கத்தைக் காட்டுவது. இங்கேயோ, எதனைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அந்தக் குறையே பழைய விகிதத்துள் இருக்கிறது.

இன்னொன்று. சேலத்துக் கணக்கில் மாற்றுக் கருதுகோள், "விகிதம் 105க்கு 100 அன்று" என்பது மாத்திரமே. பெண்கள் குறைவு என்றுகூட அது சொல்வதில்லை. வித்தியாசத்தை வர்க்கித்துவிடுவதாற் கூடியதா குறைந்ததா என்ற திசை கை வர்க்கத்துக்குத் தெரியாது. எண்ணியவற்றை நாமே திரும்பிப் பார்த்து அறியவேண்டும். கொலையா, கருவிலேயே அழித்தலா, நோயில் வைத்தியம் பாராது விடுதலா என்பதும் அதற்குத் தெரியாது. அவற்றை ஊர்த் தாதியரும் பதிவேடுகளும் அக்குடும்பங்களுமே கூறவேண்டும். 2011இற் சேலத்தின் எண் 900ஐத் தாண்டியது. தொட்டிலுக்கு எவ்வளவு பங்கு, சட்டத்துக்கு எவ்வளவு, பெண்கள் படித்ததற்கு எவ்வளவு என்று இச்சோதனையிடம் கேட்பது, துலாபாரத்தட்டிடம் பொருளின் விலையைக் கேட்பதை ஒக்கும்.

மாணவ நேயர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் பாடசாலைத் தோழர்கள் எந்த எந்த மாதத்திற் பிறந்தவர்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டில் ஒன்று என்று உடனே எழுதிவிடாதீர்கள். தைக்கு 31 நாள் (நான் கூறுவது ஜனவரியை), பெப்ரவரிக்கு 28. ஆகவே சூனியக் கருதுகோள், "ஒரு மாதத்திற் பிறக்கும் நிகழ்தகவு அம்மாதத்து நாட்களின் தொகையை 365ஆல் வகுத்து வருவது" என்றமையும். லீப் வருடத்தை இப்போதைக்கு விட்டுவிடலாம். மாற்றுக் கருதுகோளை நீங்களே எழுதுங்கள். எந்த அறையிலும் எதிர்பார்க்கும் எண் ஐந்துக்குக் குறையலாகாது என்பது வழக்கமாதலால், பெப்ரவரியை உத்தேசித்து 66 பேரையாவது கேட்கவேண்டும். அத்தனை பேர் கிடையாவிடில் மும்மூன்று மாதங்களாகச் சேர்த்து 90, 91, 92, 92 நாட்கள் கொண்ட நான்கு அறைகளாக்கிக் கொள்ளுங்கள். பன்னிரண்டு அறைகளுக்கு எல்லை 19.68, நான்கு அறைகளுக்கு 7.81. இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதித் திகதியிட்டு, அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்துவைத்துவிட்டு, அதன் பின்னர் தோழர்களைக் கேட்கப் புறப்படுங்கள்.